வாளின் மறுபிடி

என் மகள் மூன்று வருடம் ஒரு கல்லூரி அணிக்காக ரக்பி விளையாடினாள். அந்த மூன்று வருடத்தில் அவளுடைய ஆட்டம் ஒன்றைக்கூட மைதானத்தில் நின்று நான் பார்த்ததில்லை. கடைசி ஆட்டத்துக்குப் போனேன் என்றும் சொல்லலாம், போகவில்லை என்றும் சொல்லலாம். அன்று நடந்ததை என் மனைவிக்குக்கூட இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. வெட்கம், வேறென்ன.

வெளியூர் ஆட்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். கல்லூரி என்றதும் பெரிய படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ரொறன்ரோவில் யூனிவர்சிற்றி வேறு, கொலிஜ் வேறு. யூனிவர்சிற்றிக்குப் போனால் டொக்டர், எஞ்சினியர். கொலிஜுக்குப் போனால் கைத்தொழில். கொலிஜில் படித்தவன் மூன்று வருடத்தில் சொந்தமாக வான் வாங்கி, சொந்தமாக வீடு வாங்கி, டொக்டருக்குப் படித்தவனுக்கு முன்னால் கல்யாணமும் கட்டிவிடுவான். அது வேறு கதை. ஆனால் எங்கள் சனத்தின் வாயில் கொலிஜ் என்ற சொல் வரும்போது குரல் கொஞ்சம் இறங்கும். மற்றவர்களைக் குறை சொல்லி என்ன, குரலை இறக்குகிறவர்களில் முதல் ஆள் நான்தான்.

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், வோபர்னில் இருக்கிறேன். காலையும் பின்னேரமும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். மிச்ச நேரத்தில், யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளர். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருடாந்த விருந்தில், அந்த வருடம் யூனிவர்சிற்றிக்கு எடுபட்ட பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, சான்றிதழ் கொடுப்போம். பெயர்ப் பட்டியலை எழுதுவது செயலாளரின் வேலை. என் மகள் உயிரியல் படிக்க யூனிவர்சிற்றிக்கு எடுபட்ட வருடம் அவள் பெயரைத்தான் முதலாவதாக எழுதினேன். மாலை போட்ட சங்கத் தலைவர், "செயலாளரின்ர பிள்ளை எண்டா சும்மாவே!" என்று மைக்கில் சொன்னார். மண்டபமே கை தட்டியது. எனக்கு அன்று நிலத்தில் கால் படவில்லை.

ஆறு மாதம் போகவில்லை. பனி கொட்டிய ஒரு பின்னேரம், குசினியில் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிரில் நின்றாள்.

"அப்பா, நான் விட்டிட்டன்."

"எதை?"

"யூனிவர்சிற்றியை. எனக்கு அது ஏலாது அப்பா. நான் கொலிஜில அப்ளை பண்ணிட்டன். ஹீற்றிங், கூலிங்."

"உது என்ன படிப்பு?"

"வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ், ஏசி எல்லாம் பூட்டுறது, திருத்துறது."

வந்ததே எனக்குக் கோபம். "ஃபேர்னஸ் திருத்தவோ உன்னைப் பெத்து வளத்தனான்?" என்று கத்தினேன்.

அவள் அசையவில்லை. "தை மாசத்தில ஃபேர்னஸ் நிண்டா ஆருக்கு ஃபோன் பண்ணுவியள் அப்பா? டொக்டருக்கோ?" என்றாள்.

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கத்துக்கு என்ன சொல்வது என்பதுதான் என் தலைக்குள் ஓடியது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. "மகள் எப்பிடிப் படிக்கிறா?" என்று கேட்பார்கள். "நல்லாப் படிக்கிறா" என்பேன். அது பொய்யில்லை. உண்மையிலேயே அவள் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். "எத்தினையாம் வருசம்?" என்பார்கள். "ரெண்டாம் வருசம்" என்பேன். அதுவும் பொய்யில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் மூன்று வருடம் மறைத்தேன். ஒரு பருக்கை சிந்தவில்லை. கோயிலுக்குப் போகும்போது மட்டும், கொலிஜ் அணியின் ஜக்கற்றைக் காரிலேயே கழற்றி வைக்கச் சொல்லுவேன். முதல் தரம் ஏன் என்று கேட்டாள். பிறகு கேட்கவில்லை, தானாகவே கழற்றி வைத்துவிட்டு இறங்குவாள். மாசி மாதக் குளிரிலும்.

அந்த ஜக்கற்றின் முதுகில் ஒரு வாள் படம் இருந்தது. சண்டை வாள் இல்லை, மரம் அரிகிற வாள். ஆறடி நீளம், இரண்டு முனையிலும் நிமிர்ந்த பிடி. அணியின் பெயர் 'சோயர்ஸ்', அதாவது மரம் அரிகிறவர்கள். நான் வாள்காரர் என்றே சொல்கிறேன். வாள் இவர்களுக்கு எப்படி வந்தது என்று அவள் சேர்ந்த முதல் மாதமே சாப்பாட்டு மேசையில் சொன்னாள். நான் கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொலிஜ் இருக்கிற மேடு ஒரு காலத்தில் பைன் மரக் காடாம். கடல் கடந்து வந்த ஏழைகளுக்கு அரசாங்கம் அந்தக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்ததாம். சும்மா கொடுக்கவில்லை. குறித்த காலத்துக்குள் இத்தனை ஏக்கர் வெட்டி வெளியாக்கி ஒரு குடிலும் போட வேண்டும், இல்லாவிட்டால் காணி கையைவிட்டுப் போய்விடும். அந்த வாளை ஒரு ஆள் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வந்து இறங்கிய ஒவ்வொருவனும் முதலில் தேடியது மறுபிடியைப் பிடிக்க ஒரு ஆளைத்தான். அண்ணன் தம்பி பிடித்தார்கள், மனைவி பிடித்தாள், அயலான் பிடித்தான். ஒருவரும் கிடைக்காதவன் காணியை விட்டுவிட்டுப் போனான்.

காடு முடிந்த பிறகு அந்த மேட்டில் ஒரு மர ஆலை வந்தது. ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு ஒரு தொழிற்பள்ளி வந்தது. அந்தப் பிள்ளைகள் ஒரு அணி சேர்த்து நகரத்துக்கு விளையாடப் போனபோது, நகரத்துப் பெடியள், "தலையில மரத்தூளோட வந்திட்டாங்கள் வாள்காரர்" என்று கூவினார்களாம். நக்கலுக்குச் சொன்ன பெயரை இவர்கள் எடுத்துச் சட்டையில் எழுதிக்கொண்டார்கள். அன்று தொடக்கம் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு சிட்டிகை மரத்தூளைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டுதான் போவார்கள். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குள் மரத்தூளைக் கண்டுவிட்டு, மனைவி இரண்டு கிழமை தளபாடமெல்லாம் தட்டித் தட்டிப் பூச்சி தேடினாள்.

மற்ற வழக்கம் கடைசி ஆட்டத்துக்கு உரியது. ஆலைக்காரரிடம் வெற்றிக் கிண்ணம் வாங்க வசதி இருக்கவில்லை. அதனால் படிப்பு முடித்துப் போகிற பிள்ளையின் தகப்பன் ஆலையிலிருந்து வாளோடு மைதானத்துக்கு வருவார். தகப்பன் ஒரு பிடி, பிள்ளை ஒரு பிடி. ஒரு மரக்குற்றியிலிருந்து வட்டமாக ஒரு துண்டு அரிந்து எடுப்பார்கள். அதுதான் கிண்ணம். இப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள். அணியில் கூட விளையாடுகிறவர்கள் மறுபிடியைப் பிடிக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஒருவர் வந்து பிடிக்க வேண்டும்.

ஒரு நாள் போனில் அதன் படத்தைக் காட்டினாள். யாரோ ஒரு பிள்ளையும் தாயும் அரிகிறார்கள். வாள் நடுவில் வளைந்து நிற்கிறது.

"தள்ளுறா. தள்ளக் கூடாது" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

என் அப்பாவும் காடு வெட்டியவர்தான். யாழ்ப்பாணத்தில் காணி இல்லாதவர்களுக்கு வன்னியில் காடு பிரித்துக் கொடுத்தபோது போனவர்களில் ஒருவர். இதே மாதிரி வாள், இதே மாதிரி இரண்டு பிடி. பதின்மூன்று வயதிலிருந்து பதினைந்து வயது வரைக்கும் மறுபிடி என்னுடையது. அந்த வாளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். உன் முறை வரும்போது இழு. மற்றவன் இழுக்கும்போது கையைத் தளர்த்திவிடு. உதவி செய்கிறேன் என்று தள்ளினால் வாள் வளைந்து மரத்துக்குள் இறுகிவிடும். தள்ளினதற்கு அப்பாவிடம் எத்தனை ஏச்சு வாங்கியிருப்பேன்! பிறகு அவர் என்னை யாழ்ப்பாணத்தில் விடுதியில் சேர்த்துவிட்டு, "இந்தச் சனியனைத் திரும்பத் தொடாத மாதிரிப் படி" என்று சொல்லிவிட்டுப் போனார். விடுதியில் எனக்கு வைத்த பெயர் காட்டான். நான் அதைச் சட்டையில் எழுதவில்லை. வாள் பிடித்த கதையைக் கனடாவில் ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர் காட்டான் என்று யாருக்குத் தெரிய வேண்டும்?

அன்று மகளுக்குச் சொன்னேன். அவள் கண் விரிந்தது. "யூ ஆர் கிடிங்! அப்ப நீங்க ரியல் சோயர்!" என்று கத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

இன்னொரு நாள் வேறு விதமாக வந்தாள். அவளுடைய ஆசிரியர் ஒருவர், இந்த மண்ணின் ஆதிக்குடியைச் சேர்ந்தவர், வகுப்பை, கொலிஜில் அந்தக் காலத்து வாளும் அதன் கதையும் வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கூட்டிப்போய், "இதில் எழுதாதது என்ன?" என்று கேட்டாராம்.

"அப்பா, உங்கட அப்பா வெட்டின காட்டில முதல் ஆர் இருந்தவை?"

"ஆர் இருக்கிறது? யானையும் கரடியும்."

"இவையும் உப்பிடித்தான் எழுதி வைச்சிருக்கினம். காடு, ஓநாய், கரடி. ஆக்கள் இல்லை."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "கஞ்சிக்கு வழியில்லாமல் போன மனிசனைப் பிழை சொல்லாதை!" என்று எழுந்து போய்விட்டேன். ஆனால் அன்று முழுக்க மனம் சரியில்லை. தேன் எடுக்கிற சில குடும்பங்கள் அங்கே இருந்ததும், நாங்கள் வெட்ட வெட்ட அவர்கள் உள்ளே உள்ளே போனதும், ஒரு வருடம் அவர்களைக் காணாமலே போனதும் எனக்குத் தெரியும். எங்கே போனார்கள் என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதை அவளிடம் பிறகு சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

மூன்றாம் வருடம், புரட்டாதி கடைசியில், அவள் கேட்டாள். "அப்பா, கடைசி மட்ச் சனிக்கிழமை. அம்மாவுக்கு வேலை. நீங்க வருவியளோ?"

"பாப்பம்" என்றேன்.

யாழ்ப்பாணத்தான் "பாப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். முக்கால்வாசி இல்லை, கால்வாசி கடவுள் விட்ட வழி. அவள் விடவில்லை.

"எல்லாருக்கும் சொல்லிட்டன் அப்பா. என்ர அப்பா உண்மையான வாள்காரன், சின்னனில காட்டில அரிஞ்சவர் எண்டு. கோச் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா. மற்றப் பேரன்ற்ஸுக்கு ஒருத்தருக்கும் அரியத் தெரியாது."

நான் முப்பது வருடம் மூடி வைத்ததை இவள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். "சரி, வாறன்" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். மனைவி வயோதிபர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறாள், சனி ஞாயிறுதான் அவளுக்கு முழு நேரம். எத்தனை பேரைக் கெஞ்சியும் அன்றைக்கு ஆள் மாறக் கிடைக்கவில்லை. "இஞ்சாருங்கோ, வீட்டில இருந்து ஒருத்தர் போகவேணும். பிள்ளையைத் தனிய விட்டிடாதேங்கோ" என்று போகும்போது மூன்று தரம் சொன்னாள்.

நான் போகத்தான் வெளிக்கிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். புதுக் கையுறை வாங்கி வைத்திருந்தேன். பைன் மரத்துப் பிசின் வாளில் ஒட்டும் என்று, ஒரு துணித்துண்டில் எண்ணெய் தோய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்பா மண்ணெண்ணெயில் தோய்ப்பார். எனக்குத் தேங்காய் எண்ணெய்தான் அகப்பட்டது. 401 நெடுஞ்சாலையில் ஒரு தடங்கலும் இல்லை. ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டேன். மைதானத்து வேலியோரமாகக் காரை விட்டேன். காரிலிருந்தே எல்லாம் தெரிந்தது. சேறு பூசிய பிள்ளைகளுக்குள் என் பிள்ளையைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவள் எவ்வளவு பெரிய ஆள் என்று அன்றுதான் பார்த்தேன். ஒருத்தி பந்தோடு ஓடி வர, இவள் குனிந்து இடித்து விழுத்திவிட்டு, அவளையே கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எஞ்சினை நிறுத்தச் சாவியில் கையை வைத்தபோதுதான் சங்கத் தலைவரைக் கண்டேன்.

கோட்டுக்கு மேலே கழுத்துத் துணி சுற்றி, மனைவியோடு, எல்லைக்கோட்டில் நிற்கிறார். என் மகளுக்கு மாலை போட்ட அதே மனிதர். ஐயோ, இவர் ஏன் இங்கே? இவருடைய மகன் வோட்டர்லூ யூனிவர்சிற்றியில் எஞ்சினியரிங் அல்லவோ படிக்கிறான்? யாரோ தெரிந்த பிள்ளையின் ஆட்டம் பார்க்க வந்திருப்பார் என்று நினைத்தேன். நான் இப்போது இறங்கிப் போனால், "என்ன ஐசே, இஞ்சால?" என்பார். மகள் ஓடி வந்து "அப்பா" என்பாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. மேடை, மாலை, சான்றிதழ், மூன்று வருடத்து "நல்லாப் படிக்கிறா" எல்லாம். கொஞ்சம் பொறுப்போம், அவர் போகட்டும் என்று இருந்தேன்.

ஆட்டம் முடிந்தது. தோற்றார்களா வென்றார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மைதானத்து ஓரத்தில் மரக்குற்றியைத் தூக்கி வைத்தார்கள். ஆண்கள் அணிக்கும் அன்று கடைசி ஆட்டம், அவர்கள்தான் முதலில். ஒரு நெட்டைப் பெடியன் வாளின் ஒரு பிடியைப் பிடித்தான். மறுபிடியைப் பிடிக்கத் தலைவர் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் அந்தப் பெடியன் யாரென்று தெரிந்தது. தலைவரின் மகன்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அட பாவி மனுஷா, நீருமா! வோட்டர்லூவும் இல்லை, எஞ்சினியரிங்கும் இல்லை. நான் எழுதிய பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. இரண்டு பேரும் இவ்வளவு காலம் கூட்டத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒருவரை ஒருவர் ஏமாற்றியிருக்கிறோம். தலைவர் மூச்சு வாங்க வாங்க, தொப்பி விழ, மகனோடு சேர்ந்து இழுத்தார். துண்டு விழுந்ததும் மகனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். தன்னை யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கவேயில்லை.

இப்போது இறங்குவது எனக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நான் இறங்கவில்லை. இவ்வளவு நேரம் காருக்குள் ஒளித்திருந்துவிட்டு, இனி அத்தனை பேருக்கு முன்னால் அந்த வெளியைக் கடந்து நடக்க வேண்டுமே. எங்கிருந்து வருகிறாய், எப்போது வந்தாய் என்று கேட்பார்களே. வெட்கத்துக்கு மேலே வெட்கம் ஏறிக்கொண்டே போனது. "எழும்பிப் போடா, எருமை" என்று வாய்விட்டே என்னை ஏசினேன். ஒரு தரம் கதவைத் திறந்தேன். குளிர் காற்று முகத்தில் அடித்தது. மூடிவிட்டேன்.

மகளுடைய பெயரைச் சொன்னார்கள். அவள் வந்து ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபக்கத்தில் ஒருவரும் இல்லை. பயிற்சியாளர் ஏதோ கேட்டார். அவள் பாதைப் பக்கம் பார்த்தாள், கார்கள் நிற்கிற பக்கம் பார்த்தாள், பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் போகவில்லை. காட்டில் அரிந்த உண்மையான வாள்காரனைப் பார்க்கக் குளிரில் நின்றார்கள். அடுத்த பிள்ளையை முதலில் விட்டார்கள், அவளும் தகப்பனும் அரிந்து முடித்தார்கள். திரும்பவும் என் மகள் வந்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் தலைவர்தான் போனார். அவளிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் இன்னொரு தரம் கார்கள் பக்கம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையசைத்தாள். தலைவர் மறுபிடியைப் பிடித்தார்.

அவருக்குக் களைத்துவிட்டது. தள்ளத் தொடங்கிவிட்டார். வாள் வளைந்து இறுகியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் காலால் நிலத்தை உதைத்து, "புல்! புல்!", இழு இழு என்று கத்தினார்கள். தள்ளாதையுங்கோ அண்ணை, விடுங்கோ, அவள் இழுக்கட்டும், உங்கட முறை வரேக்க மட்டும் இழுங்கோ என்று நான் காருக்குள் இருந்து கத்துகிறேன். என் இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கின்றன. மகள் சிரித்துச் சிரித்து அவருக்குக் காட்டிக் கொடுக்கிறாள், நான் அவளுக்குச் சொன்னபடியே. ஒரு மாதிரி அரிந்து முடித்தார்கள். அவள் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள். கை தட்டினார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, கையுறையையும் எண்ணெய்த் துணியையும் குப்பைக்குள் போட்டேன். அவள் வந்தபோது மனைவியும் வேலையால் வந்திருந்தாள். நான் முந்திக்கொண்டேன். "பிள்ளை, 401இல பெரிய அக்சிடன்ற். ரெண்டு மணித்தியாலம் அசையேல்ல. திரும்பி வந்திட்டன்."

மனைவி என்னைப் பார்த்தாள். மகள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "ஓம் அம்மா, ரேடியோவிலயும் சொன்னவை. இட்ஸ் ஓகே அப்பா" என்றாள்.

அட, உண்மையாகவே விபத்து நடந்திருக்கிறதாக்கும், கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். இந்தப் புத்தியை என்ன சொல்ல!

அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. போனேன். தலைவர் வழக்கம்போலத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். யாரோ ஒரு அங்கத்தவர், "செயலாளர், மகள் படிப்பு முடிக்கப்போறாவே?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர், "முடிக்கப்போறா, முடிக்கப்போறா. கெட்டிக்காரப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு அறிக்கையைப் புரட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பொய்யை எனக்காக அவரும் சுமந்தார். அன்றைய மைதானத்தைப் பற்றி அவர் இன்றுவரை என்னிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

மகளுக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. இந்த வருடம் சித்திரையில் போனாள். போவதற்கு முதல்நாள், ஞாயிறு காலை, மனைவி வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளுக்குக் கொடுத்துவிட மிளகாய்த்தூள் வறுத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கத் தும்மல். நான் மேலே அவளுடைய அறைக்குப் போனேன். அவள் கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். இன்று சொல்லாவிட்டால் பிறகு போனில் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்தினேன்.

"பிள்ளை, உன்னட்ட ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு 401இல ஒரு அக்சிடன்றும் இல்லை."

"தெரியும்" என்றாள். கை மடிப்பதை நிறுத்தவில்லை.

"நான் அங்க வந்தனான்."

"தெரியும் அப்பா. வேலிக்குப் பக்கத்தில நிண்டனீங்கள். கார் லைற் எரிஞ்சுகொண்டு இருந்தது."

கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டேன். அவள் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஏசியிருந்தால் நான் வாங்கிக்கொண்டு அழுதிருப்பேன். நான்தான் வெட்கமில்லாமல் அவளைக் கேட்டேன்.

"அப்ப ஏன் பிள்ளை என்னைக் கூப்பிடேல்ல? ஒருக்காக் கையைக் காட்டியிருந்தா..."

அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"காட்டினா நீங்க காரை எடுத்துக்கொண்டு போயிடுவியள் எண்டு பயந்தனான் அப்பா. அதுக்குள்ள இருந்தாவது பாக்கட்டும் எண்டுதான் பேசாம நிண்டனான்."